பி-100 மாத்திரை: லேபிளில் முதலில் பார்க்க வேண்டிய எண்

[திரையில்: மாத்திரைப் புட்டியின் பின்பக்க லேபிள், நெருக்கத்தில்]

வணக்கம். ‘பி-100’ என்ற பெயரில் விற்கப்படும் பி வைட்டமின் மாத்திரைகளின் லேபிளில் பி1, பி2, பி3, பி6 ஆகிய நான்கிற்கும் நேரே பெரும்பாலும் 100 மில்லிகிராம் என்றும், பி12-க்கு நேரே 100 மைக்ரோகிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும் இந்த நூறுகளுக்கும் உடலின் தேவைக்கும் தொடர்பில்லை. அமெரிக்கப் பரிந்துரையின்படி, ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு பி3 16 மி.கி., பி1 1.2 மி.கி., பி6 1.3 மி.கி., பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம் போதும்.

[திரையில்: 1 மில்லிகிராம் = 1000 மைக்ரோகிராம்]

பி12 தேவையைப் போல நாற்பது மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடுதான் அது குடலில் உறிஞ்சப்படுகிறது. அந்தப் புரதம் ஒரு வேளையில் ஏறத்தாழ 2 மைக்ரோகிராமுக்கு மேல் சுமக்காது. எஞ்சியதில் நூற்றில் ஒரு பங்குதான் தானாக உள்ளே கசியும். ஆகவே 100 விழுங்கினாலும் உடலில் சேர்வது சுமார் 3 மைக்ரோகிராம்தான்.

[திரையில்: லேபிளில் ‘பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடு’ (அதாவது பி6) என்ற வரி]

கவலைப்பட வேண்டியது பி6-ஐப் பற்றித்தான். “தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீரோடு போய்விடும்” என்று பலரும் நம்புகிறோம். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாவதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை உறுதிப்படுகிறது. அந்த நிறம் பி2-வினுடையது. பி6-ஐப் பற்றி அது எதையும் சொல்லாது. அதிக அளவு பி6-ஐ நீண்ட காலம் உட்கொண்டால் உணர்வு நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை கால்கள் மரத்துப்போகலாம், நடை தடுமாறலாம். அமெரிக்காவில் நாளொன்றுக்கு 100 மி.கி. உச்சவரம்பு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2023-இல் தன் வரம்பை 12 மி.கி. என்று குறைத்துவிட்டது. மெக்னீசியம் மாத்திரைகளிலும் ஊக்க பானங்களிலும்கூட பி6 சேர்ப்பதுண்டு என்பதால், ஒரு புட்டியை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும்.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது ஒன்று உண்டு. பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும். மெட்ஃபார்மின் நெடுநாள் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். அதற்காகத் தாமாகவே பி-100 வாங்கிப் போடும் ஒருவருக்கு, மாதங்கள் கழித்து மரத்துப்போதல் கூடினால், அது பி6-இன் விளைவாக இருக்கலாம் என்று தோன்றாது; நோய் முற்றிவிட்டது என்றெண்ணி இன்னொரு மாத்திரை சேர்க்கத்தான் தோன்றும். அந்த நிலையில் மருத்துவரிடம் போகும்போது, வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.