கையெழுத்துக்கு மட்டும் இயக்குநரா?

(பாளையங்கோட்டை மகளிர் கூட்டத்தில் பேசியது)

கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, அம்பாசமுத்திரத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மார்களே, வணக்கம். அண்ணாச்சி பொன்னாடை போர்த்தினார்கள், நன்றி. அதற்குப் பதில் ஒரு பத்தமடைப் பாய் தந்திருந்தால் நெய்த பெண்ணுக்கு நாலு காசு போயிருக்கும். உரிமையில் சொல்கிறேன், கோபிக்க மாட்டார்கள்.

நிறுவனங்களை நடத்தும் இயக்குநர் குழுவில் பெண்களுக்கு என்ன இடம் என்பது பற்றி, சட்டம், வெளிநாட்டு அனுபவம், நம்மூர் நிலை என மூன்றைப் பேச வந்தேன்.

2013 கம்பெனிகள் சட்டப்படி பங்குச்சந்தையில் பட்டியலான ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும். பல இடங்களில் முதலாளி வீட்டு அம்மாவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களில், முதலாளி குடும்பத்தைச் சாராத, சார்பற்ற பெண் இயக்குநர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. ஒருவர்தான்! ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. நார்வேயில் இயக்குநர் குழுவில் பெண்கள் குறைந்தது 40 சதவீதம் என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சரி, இனி நம்மூருக்கு வருவோம்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துவது. பெயர் வேண்டாம். அதில் ஒரு மைனி இயக்குநர். கூட்டம் முடிந்த மறுநாள் கணக்கு எழுதும் பையன் தீர்மானங்களைப் பதியும் மினிட் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பான். மைனி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஒருநாள் கண்ணாடியை மாட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டார். பையனுக்கு வேர்த்துவிட்டது.

"பெரியம்மா, வழக்கமான தீர்மானம்தான், சும்மா போடுங்க."

"ஏல, 'இயக்குநர் அம்மாள் முன்மொழிய, ஏகமனதாக நிறைவேறியது'ன்னு போட்டிருக்கு. நேத்து நான் நடவுலல்லா நின்னேன்? எப்பம்ல முன்மொழிஞ்சேன்?"

தீர்மானம் என்ன தெரியுமா? உரக்கடைக்கு முன்பணம். கடை, தலைவரின் மச்சினனுடையது! அடுத்த கூட்டத்துக்கு மைனி நேரிலேயே போனார். நாற்காலி இல்லை. டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று கடை விலைப்பட்டியல் கேட்டார். முன்பணம் நின்றது.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் 5 முதல் 15 இயக்குநர்கள் வரை இருக்கலாம். நான் சொன்ன பட்டியல் நிறுவன விதி இதைக் கட்டுப்படுத்தாது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள். விலை பேசும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு மைனி. மறுபடியும் அதே இலுப்பைப் பூதான்!

ஆகவே, இயக்குநர்களில் பாதி பெண்கள், கையெழுத்து கூட்டத்தில் மட்டுமே என்று உற்பத்தியாளர் நிறுவன விதிகளைத் திருத்த வேண்டும். வருகிற பொதுக்குழுவில் வைக்க வேண்டிய தீர்மான நகல் வாசல் மேசையில் இருக்கிறது. ஊருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்மொழிபவர் பெயரை நாங்கள் எழுதவில்லை, அந்த இடத்தை நீங்கள் நிரப்புங்கள்.