ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

(பல்லடத்துக்குப் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில் வாசகர்கள் முன் பேசியது. பேச்சின் நெளிவுகளைக் கொஞ்சம் நிமிர்த்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

2021 ஜனவரி. கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கும் முன் நாடு முழுக்க ஒத்திகை பார்த்தார்கள். டிவியைப் போட்டால் 'டிரை ரன்', 'டிரை ரன்' என்று அதே பேச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னிடம் வந்து, "ஏனுங் வாத்தியாரே, ஊசியே இன்னும் வரலை, அதுக்குள்ள டிரை ரன் ஆயிருச்சுங்கறாங்க. எல்லாம் கருகிப்போயிருக்குமே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யோசித்தால், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிப் போன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு அதுதான் டிரை ரன். உள்ளே இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சூடு தணிவதே சுற்றியிருக்கும் தண்ணீரால்தான். அது இல்லையென்றால் தண்டைத் தாங்குகிற புஷ் தேயும், சூடேறி உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகும். இதற்காகவே பேனல் போர்டில் தனியாக ஒரு சாதனம் மாட்டுகிறோம். ஒரே சொல்தான். டெல்லியில் அது ஒத்திகை, தோட்டத்தில் அது காயிலைப் புதிதாகச் சுற்றுகிற ரீவைண்டிங் செலவு. முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தினவன் நான். அன்றைக்குத்தான் 'ரன்' என்ற சொல்லை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தது. அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு. 430க்கு மேல் பொருள், விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள். பம்பு செட்டு, செட் தோசை, 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' என்று நாமும் அதற்கு நம்மால் ஆனதைச் செய்திருக்கிறோம். பிறகு அகராதியைத் திருத்த உட்கார்ந்தபோது 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் இருந்திருக்கிறார். நம் வீடுகளில் பிள்ளைப்பேற்றுக்குத்தான் அவ்வளவு நாள் ஆகும்.

ஏன் இப்படிப் பெருத்தது? என் எண்ணத்தில் பெரும் பங்கு இயந்திரங்களுக்கு உண்டு. மனிதனும் குதிரையும் தண்ணீரும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்துக்குச் சில பொருள்கள் போதும். நீராவி இயந்திரம் ஓடியது, ரயில் ஓடியது, பிறகு கம்பெனி ஓடியது, இப்போது கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுகிறது. இதை இங்கிலாந்தில் போய்த் தேட வேண்டாம், நம் ஊரிலேயே பார்க்கலாம். சென்னிமலைக் கைத்தறிக்காரரைக் கேளுங்கள், 'போர்வை நெய்யறேன்' என்பார். சோமனூர் விசைத்தறிக்காரரைக் கேளுங்கள், 'நாலு தறி ஓட்டறேனுங்க' என்பார். கை நெய்தது, மின்சாரம் வந்ததும் ஓட்டமாகிவிட்டது. 1888இல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் பஞ்சு மில், 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம், அதன் பின்னால் வரிசையாக ஆலைகள் என்று இந்த மண் மாறிய கதை முழுக்க இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் கிடக்கிறது. அதற்கு முன்னால் ஏர் ஓட்டினோம், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினோம். அந்தக் கவலை போய்விட்டது. மற்ற கவலை இருக்கிறது.

சரி, 645இல் எதைப் பிடிப்பது? மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பழகுகிற பையனைக் கேளுங்கள். சிங்கிள் பேஸ் மோட்டாருக்குள் ஸ்டார்டிங் காயில், ரன்னிங் காயில் என்று இரண்டு உண்டு. ஒன்று கிளப்பிவிடும். மற்றது கடைசிவரை நின்று சுற்றவைக்கும். 'ரன்' என்பதன் அடிப்படை அதுதான் என்பேன். வேகம் அதில் முக்கியமில்லை, விடாமல் தொடர்வதுதான். அதனால்தான் துணியை ரன்னிங் மீட்டரில் அளக்கிறோம். திருப்பூரில் அந்தத் துணி எங்கேயும் ஓடுவதில்லை, அதுபாட்டுக்கு நீளமாகக் கிடக்கிறது.

கரூருக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அங்கிருந்து மேசை விரிப்புகள் வெளிநாட்டுக்குப் போகின்றன. மேசை நடுவில் நீளவாக்கில் போடுகிற பட்டைத் துணிக்கு 'ரன்னர்' என்று பெயர். கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் ரன்னர் என்றால் மண் அச்சுக்குள் உருக்கிய இரும்பு பாய்ந்து போகிற கால்வாய். கிரிக்கெட்டில் அடிபட்டவனுக்குப் பதிலாக ஓடியவனும் ரன்னர்தான். மூன்று பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து 'ரன்னர் நல்லா வந்திருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள்.

நம்முடைய 'ஓடு' ஒன்றும் இளைத்ததில்லை. கடை ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, பிழைப்பு ஏதோ ஓடுகிறது. வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இரண்டு மொழியிலும் ஓடித்தான் போகிறார்கள். கூரை ஓடும் 'அவனோடு' என்பதில் வரும் ஓடும் வேறு குடும்பம், அவற்றை இதில் சேர்க்கக் கூடாது. ஆனால் இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் சேர்ந்து வருவதில்லை. பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடுகிறது, அதன் கரையில் இருக்கும் சாலையை இங்கிலீஷ்காரர் 'ஓடுகிறது' என்பார், நமக்கு அது 'போகிறது'. மூக்கு அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அம்மா வீட்டை 'ரன்' பண்ணுகிறார் என்பதை ஒரு மாணவன் 'அம்மா வீட்டை ஓட்டுகிறார்' என்று எழுதினான். மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகு அந்த அம்மா காலை நாலரைக்கு எழுந்து, பால் கறந்து, பனியன் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவதைப் பார்த்தபோது, குறைத்திருக்க வேண்டாமோ என்று பட்டது.

தேர்தல் வந்தால் இன்னும் குழப்பம். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார். இங்கிலாந்தில் நிற்கிறார். நம் ஊரிலும் நிற்கிறார், ஜெயித்த பிறகு எங்கே இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

பேசி முடித்துக் கீழே இறங்கியதும் தறிக்காரர் ஒருவர் வந்தார். "ஓடறதுக்கு 645ன்னு சொன்னீங்க, சரிங்க. ரெண்டு மாசமா எங்க தறி நிக்குதுங்க. அதுக்கு எத்தனை போட்டிருக்காங்க?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.