இடைக்கிடை வரும் சத்தம்

வணக்கம் நேயர்களே. மாரி ஓய்ந்து தை பிறந்ததும் மட்டக்களப்புக் கராஜ்களுக்கு வருகிற ஜீப், டபிள் கெப் பலவற்றிலும் ஒரே முறைப்பாடுதான். "கீழே ஏதோ சத்தம் கேட்குது, இடைக்கிடைதான் வருது, இங்கே கொண்டுவந்தால் வராது." அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது எப்போது வருகிறது என்று தெரியாமல் வண்டியில் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நாலு சில்லும் இழுக்கிற வண்டியில் சுற்றுகிற சாமான் அதிகம். கியர் பொக்ஸ், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டாக முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு புரொப்பெலர் ஷாஃப்ட், அதை இரண்டு பக்கச் சில்லுக்கும் பிரித்துவிடுகிற டிஃபரென்ஷல் ஒவ்வொன்று, பிறகு சில்லைச் சுற்றுகிற அக்சில், பெயரிங் என்று போகும். சத்தம் செசி என்கிற அடிச்சட்டம் வழியாக ஓடுவதால், பின்பக்கம் பிறக்கிற சத்தம் ட்ரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். காதை மட்டும் நம்பினால் பிழையான இடத்தில்தான் கை போகும்.

கரடியனாற்றுப் பக்கம் வயல் செய்கிற ஒரு அண்ணன் பழைய டீசல் ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று ஒரு சத்தம், சில நாட்களில் மட்டும். ஏற்கெனவே வேறோர் இடத்தில் பின் டிஃபரென்ஷலைத் திறந்து பெயரிங் மாற்றிவிட்டார்கள். நல்ல காசு போயிருந்தது. சத்தம் போகவில்லை. நான் வண்டிக்குக் கீழே போகவில்லை. ஒரு கொப்பியைக் கொடுத்து, சத்தம் வந்த நாளில் எந்தப் பாதையால் போனீர்கள், பாரம் இருந்ததா, மழையா வெயிலா என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அதை வாசித்தபோது விஷயம் தெரிந்தது. வெள்ளம் குறுக்கே பாய்கிற இடத்தில் இறங்கி ஏறிய நாட்களில் சத்தமே இல்லை. ஒன்றிரண்டு நாள் நல்ல வெயில் காய்ந்ததும் திரும்ப வந்துவிடும்.

தண்ணீர் பட்டால் அடங்கி, காய்ந்தால் கத்துகிற சத்தம் என்றால், கிறீஸ் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசும் இடம் ஒன்று வெளிப்பக்கம் இருக்கிறது. டிஃபரென்ஷல் பெயரிங் ஒயிலுக்குள் கிடப்பது, அது இப்படி நடக்காது. புரொப்பெலர் ஷாஃப்டின் முனையில், அது மடிந்து சுற்ற விடுகிற மூட்டான யூ ஜொயின்றைப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருத்தூள். மாரி முழுக்க வெள்ளத்தில் ஓடியதில் கிறீஸ் கழுவுப்பட்டு, உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் துருப்பிடித்துவிட்டன. ஈரம் இருக்கும்வரை அந்த ஈரமே கொஞ்சம் வழுவழுப்பைக் கொடுத்திருக்கிறது.

இதில் இன்னொன்று கவனிக்க வேண்டும். யூ ஜொயின்றைக் கையால் ஆட்டிப் பார்த்து "லூஸ் இல்லை, நல்லாயிருக்கு" என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். துருவில் இறுகிப்போன ஜொயின்றில் லூஸ் இருக்காது. ஷாஃப்டைக் கழற்றி, ஜொயின்றை இரண்டு பக்கமும் மடித்துப் பார்க்க வேண்டும். எங்காவது தட்டுப்பட்டாலோ இறுகினாலோ அது முடிந்துவிட்டது.

உங்கள் வண்டியில் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. மதில் ஓரமாக, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். மதிலில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் ஜீப் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஒன்றரை செக்கனுக்கு மேல் எடுக்கும். அதற்குள் புரொப்பெலர் ஷாஃப்ட் ஏறக்குறைய 4 சுற்றுச் சுற்றிவிடும். ஆகவே சத்தம் ஆறுதலாக வந்தால் சில்லுப் பக்கம், படபடவென்று வந்தால் ஷாஃப்ட் பக்கம். வண்டி ஓடும்போது வருகிற இரைச்சல், வளைக்கையில் கூடிக் குறைந்தால் சில்லுப் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். நிற்கும் வண்டியில் நியூட்ரலில் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸின் முன் பெயரிங். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்ச் ரிலீஸ் பெயரிங்.

முன் சில்லை அக்சிலோடு பூட்டவும் விடவும் கையால் திருப்புகிற ஹப் உள்ள வண்டி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பின் சில்லு மட்டும் இழுக்கிற டூ வீலில் வைத்து, ஹப்பை லொக் பண்ணி ஒரு ஓட்டம், ஃப்றீயில் விட்டு ஒரு ஓட்டம். ஃப்றீயில் சத்தம் போய்விட்டால், முன் ஷாஃப்ட், முன் டிஃபரென்ஷல், முன் அக்சில், இந்த மூன்றுக்குள்தான் தேட வேண்டும். ஒரு சதம் செலவில்லை.

கிரான் புலிபாய்ந்தகல் பக்கமும் படுவான்கரைப் பாதைகளிலும் மாரியில் ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடிச் சூடான டிஃபரென்ஷல் குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும். டிஃபரென்ஷல் மூச்சு விடுகிற காற்றுக் குழாய் அடைபட்டிருந்தால், ஒயில் கசியாமல் தடுக்கிற சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் பால் நிறமாக மாறியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் மேல்மட்டம் வரை கொண்டுபோவது சின்ன வேலை. அப்புறம், வெள்ளத்தில் ஓடிய வாரமே யூ ஜொயின்றுக்கு கிறீஸ் அடியுங்கள். நாலு மூடியிலும் பழைய கிறீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும்.

கீச்சென்ற சத்தம் 'டங் டங்' என்று மாறி, வண்டியின் அடித்தளம் அதிர ஆரம்பித்தால் மேலே ஓட்டாதீர்கள். ஷாஃப்டின் முன்முனை கழன்று வீதியில் குத்தினால் வண்டியே பிரளலாம். காட்டுப் பாதையில் அகப்பட்டுவிட்டீர்கள், பின் ஷாஃப்ட்தான் பிழை என்று தெரிகிறது என்றால் ஒரு வழி உண்டு. சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் நட் பூட்டிய ஷாஃப்டாக இருந்தால் அதை முழுதாகக் கழற்றி வண்டிக்குள் போடுங்கள். ஃபோர் வீலில் போட்டு, ஹப் இருந்தால் லொக் பண்ணி, முன் சில்லுகளின் இழுவையிலேயே மெதுவாக வீடு வந்து சேரலாம்.