பழைய குப்பைமேடு: உள்ளே இருப்பதும் வெளியே வருவதும்

அனைவருக்கும் வணக்கம்.

கைவிடப்பட்ட ஒரு குப்பைக் கிடங்கை ஆராயச் சொன்னால், பலரும் முதல் நாளே துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே என்ன கிடக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அது எந்த வழியாக வெளியேறுகிறது, யாரைப் போய்ச் சேர்கிறது என்பது மீதிப் பாதி. வழி அடைபட்டிருந்தால் நச்சு இருந்தாலும் ஆபத்து குறைவு. வழி திறந்திருந்தால் சிறிய மேடும் பெரிய ஆபத்துதான்.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்ற இடத்தில் நடந்ததைப் பாருங்கள். பாதியில் நின்றுபோன கால்வாய் ஒன்றில் சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டிக் களிமண்ணால் மூடினார்கள். பிறகு அங்கே பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்தன. கட்டுமான வேலைகளில் மேல்மூடி சிதைந்து மழைநீர் உள்ளே இறங்கியது. அடியிலிருந்த களிமண் அதைக் கீழே விடவில்லை. தொட்டி நிரம்புவதுபோல நிரம்பி, பக்கவாட்டில் வீடுகளின் நிலவறைக்குள் கசிந்தது. 1978-இல் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. ‘அடியில் களிமண், கவலையில்லை’ என்று அறிக்கை எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை காகிதத்தில்தான் தொடங்க வேண்டும். பழைய வரைபடத்தில் கல்குவாரியோ மண் எடுத்த குழியோ இருக்கும். அடுத்த பதிப்பில் அதே இடம் சமதளமாகியிருக்கும். நடுவில் அதை நிரப்பியது எது? வான்வழிப் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் எல்லை தெரியும். அங்கே வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள்: பீப்பாய்கள் வந்தனவா, எந்த வகை ஆலையிலிருந்து, எரித்தார்களா?

பிறகு களத்தில் நடங்கள், மழை விட்ட மறுநாளாக இருந்தால் நல்லது. சரிவின் அடியில் துருநிறத்தில் ஊறும் நீர், காரணமில்லாமல் பட்டுப்போன செடிகள், விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்புகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். அந்த வெடிப்புகளை இலேசாக விடக்கூடாது. இந்தோனேசியாவின் பாண்டுங் அருகே லெயுவிகாஜா கிடங்கு 2005 பிப்ரவரி 21 அன்று கனமழைக்குப் பின் சரிந்து 140-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

இனி தண்ணீர். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். நிலத்தடி நீர் ஓடும் திசையை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. அவை நேர்கோட்டில் அமையக்கூடாது. ஒன்றாவது மேல்நீரோட்டப் பக்கம், அதாவது நீர் குப்பையைத் தொடும் முன் வரும் பக்கம், இருக்க வேண்டும். ஒப்பிட அதுதான் ஆதாரம். துளை, குப்பையைத் தாண்டி அடிக்களிமண்ணையும் துளைத்துவிட்டால் நாமே புது வழி திறந்தவர்கள் ஆவோம்.

மாதிரி எடுக்கும் முன் குழாயில் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். வழக்கமான கணக்கு, தேங்கியதைப்போல் மூன்று மடங்கு. 50 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் நிற்கும். 4 மீட்டர் நீர் இருந்தால் 24 லிட்டர் இறைக்க வேண்டும். மின்கடத்துதிறனும் பி.எச். (அமில, காரத்தன்மை) அளவும் நிலைத்த பிறகே குப்பியை நிரப்புங்கள். கரைந்த உலோகங்களை அளக்க, களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதன் பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் வண்டலில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, தண்ணீரில் இல்லாத மாசை இருப்பதாகக் காட்டும். அம்மோனியா, குளோரைடு இரண்டும் கசிவுக்கு நல்ல அடையாளம். குளோரைடு மண்ணில் தங்காமல் நீரோடு போவதால் முதலில் எட்டிப் பார்க்கும்.

அடுத்து, குப்பை மக்கும்போது எழும் வாயு. அதில் மீத்தேனே முதன்மை. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் வெடிக்கும். 1986 மார்ச் 24 அன்று இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில் கிடங்குக்கு வெளியே இருந்த ஒரு வீடு இப்படித்தான் வெடித்துச் சிதறியது. பாறை இடுக்குகள் வழியே வாயு நகர்ந்திருந்தது. அன்று காற்றழுத்தமும் வேகமாக இறங்கியது. அழுத்தம் இறங்கும்போது மண்ணுக்குள் இருக்கும் வாயு வெளியே வரும். ஆகவே அழுத்தம் ஏறியிருக்கும் தெளிந்த நாளில் மட்டும் அளந்து ‘வாயு இல்லை’ என்று எழுதுவது செல்லாது. கருவியையும் பாருங்கள்: வாயுவை எரித்து அளக்கும் வினையூக்கி வகை உணரி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த துளைக்குள் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். அங்கே அகச்சிவப்பு வகைதான் சரி. மூக்கை நம்பவே வேண்டாம். மீத்தேனுக்கு மணமில்லை, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு ஏறினால் முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும். சோதனைக் குழிக்குள் யாரும் இறங்கக்கூடாது.

கடைசியாக அட்டவணை. ஒவ்வொரு மாசுக்கும் அதன் வழியையும், அந்த வழி முடியும் கிணறு, வீடு, ஓடை எதுவோ அதையும் ஒரே வரியில் எழுதுங்கள். ‘சோதித்தோம், இல்லை’ என்பதையும் ‘சோதிக்கவில்லை’ என்பதையும் தனித்தனியே குறியுங்கள். சோதிக்காததை வெற்றுக் கட்டமாக விட்டால், அடுத்து நிலம் வாங்குபவர் அதை ‘இல்லை’ என்றே படிப்பார்.