துருவினால்தான் சுயரூபம்: ஹார்ஸ்ரேடிஷ்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கேமராவைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும். கையில் இருப்பது மரவள்ளி இல்லை, ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான வேர். நான் இருக்கும் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பக்கம் இதைக் கிரேன் என்பார்கள். பக்கத்தில் பையர்ஸ்டோர்ஃப் என்று ஒரு சின்ன ஊர், இந்த வேருக்கே பேர்போனது. அந்தக் காலத்தில் அந்த ஊர்ப்பக்கத்துப் பெண்கள் இதைக் கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றிருக்கிறார்கள்.

பாருங்கள், மூக்கோடு ஒட்டி வைக்கிறேன். மண் வாசனைதான் வருகிறது. துருவினால்தான் இதன் சுயரூபம். வேருக்குள் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியாகக் கிடக்கும். துருவும்போது செல்கள் உடைந்து இரண்டும் கலந்தால்தான் காரமே பிறக்கிறது. கடுகை ஊறவைத்து அரைத்தால் சுரீர் என்று ஏறுமே, அதே காரம். அதே கடுகை எண்ணெயில் தாளித்தால் ஏறாது. சூட்டில் நொதி செத்துவிடும். அதனால் இதைக் கொதிக்கிற குழம்பில் போட்டு வீணாக்காதீர்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

சரி, ஜன்னலைத் திறந்தாயிற்று. தோல் சீவிய வேரைச் சின்னக் கண் உள்ள துருவியில் தேய்க்கிறேன்... ஒரு நிமிஷம், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். இதற்குப் பக்கத்தில் வெங்காயமெல்லாம் சாது! குழந்தைகள் பக்கத்தில் நின்றால் அனுப்பிவிடுங்கள்.

இப்போது உடனே வினிகர் ஊற்றக் கூடாது. வினிகர் பட்டதும் நொதியின் வேலை நின்றுவிடும், காரம் அந்த அளவிலேயே நிற்கும். மிதமாக வேண்டுமென்றால் உடனே ஊற்றுங்கள். எனக்கு உச்சந்தலை வரை போக வேண்டும், அதனால் மூன்று நிமிடம் விடுகிறேன். ஊற்றாமலே வைத்தால் நிறம் கறுத்து, கசந்து, காரமும் பறந்துவிடும். ஒரு கப் துருவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு. பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இங்கே வேகவைத்த மாட்டிறைச்சிக்கும் புகையிட்ட மீனுக்கும் இதைக் கிரீமில் கலந்து தொட்டுக்கொள்வார்கள். புளிப்பு ஆப்பிளைத் துருவிச் சேர்ப்பதும் உண்டு. எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது பீட்ரூட் பச்சடியில். வேகவைத்த பீட்ரூட்டைத் துருவி, கெட்டித் தயிர், உப்பு, இதில் ஒரு கரண்டி. தாளிப்பு வேண்டாம். மிளகாய் மாதிரி நாக்கில் தங்கி வதைக்காது. மூக்கில் ஏறும், சில நொடிகளில் காணாமல் போகும். அப்புறம் கை தானாக அடுத்த வாய்க்குப் போகும். சொல்ல மறந்தேன், ஜப்பானிய உணவுக்குத் தொட்டுக்கொள்ளக் கடையில் விற்கும் பச்சை வசாபி விழுதிலும் பெரும்பாலும் இருப்பது இந்த வேரும் கடுகும் பச்சை நிறமியும்தான்.

வளர்க்க விதை தேடாதீர்கள். பென்சில் தடிமனில் ஒரு சாண் நீள வேர்த்துண்டு போதும். மேல்முனையை நேராகவும் அடிமுனையைச் சாய்வாகவும் வெட்டினால் தலை எது, கால் எது என்று குழப்பம் வராது. மார்ச், ஏப்ரலில் சாய்வாக நடவேண்டும். தரையில் நட்டால் தோட்டம் அதற்குத்தான் சொந்தம். மண்ணில் துண்டு விட்டுப்போனாலும் முளைக்கும். அதனால் ஆழமான தொட்டிதான் என் கட்சி. இங்குள்ள விவசாயிகள் கோடையின் தொடக்கத்தில் மேல்மண்ணை விலக்கி, அடிவேரைத் தொடாமல், மேலே கிளைத்த பக்கவேர்களை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மூடுவார்கள். அப்போதுதான் நடுவேர் ஒரே தடியாகப் பருக்கும். உறைபனி விழுந்து இலை பட்டபின் தோண்டலாம். ஒல்லி வேர்களை ஈரமணலில் போட்டு வைத்தால் அடுத்த வசந்தத்துக்கு அதுவே நாற்று.

சென்னையில் வளருமா என்று கேட்பீர்கள். குளிரில் உறங்கி எழும் செடி அது, அந்த வெயிலில் மெனக்கெட வேண்டாம். கடுகைப் பொடித்து, பச்சைத் தண்ணீரில் குழைத்து, பத்து நிமிடம் மூடிவைத்து, அதே பீட்ரூட் பச்சடியில் கலந்து பாருங்கள். முதலில் கால் தேக்கரண்டி போதும்.