ஒட்டாவாவில் கோல் விழுந்தால் யார் கத்துவது?

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைக் கூப்பிடும்போதே சொல்லிவிட்டார், இருபது நிமிடம்தான், அதற்கு மேலே போனால் கொத்துரொட்டி ஆறிவிடும் என்று. சரி, ஐஸ் ஹொக்கியிலும் ஒரு பகுதி இருபது நிமிடம்தான். அவர்கள் மூன்று பகுதி ஆடுவார்கள், நான் முதல் பகுதியோடு இறங்கிவிடுகிறேன்.

வாசலில் சின்னப் பெடியள் ஓடி விளையாடியதைக் கண்டிருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் நீலச் சட்டை, ரொறன்ரோவின் லீஃப்ஸ் அணி. ஒருவன் மட்டும் சிவப்பு, நெஞ்சில் பெரிய சி, அதற்குள் சின்ன எச். அவன் என் தம்பியின் மகன், மொன்றியலில் இருந்து வந்தவன். ஸ்காபரோவில் நடக்கிற கூட்டத்துக்கு மொன்றியல் கனேடியன்ஸ் சட்டையோடு வருவதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். பத்து நிமிடத்துக்குள் நாலு பேர் பகிடி பண்ணிவிட்டார்கள். நான் கதைக்க வந்ததும் அதைப் பற்றித்தான். ஒரே மாகாணத்தில், சில வீடுகளில் ஒரே சோபாவில், ஏன் ஆளுக்கொரு அணி?

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் சுலபம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் என்.எச்.எல். என்கிற பெரிய ஹொக்கி லீக்கில் ஆடுகிற அணிகள் இரண்டு, ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ், ஒட்டாவா செனற்றர்ஸ். இடையில் ஏறக்குறைய 450 கி.மீ. நடுவில் கோடு கிழித்து மேற்கே நீலம், கிழக்கே சிவப்பு என்று பிரித்துவிடலாம் என்றுதான் தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டு நானும் ஒருமுறை ஒட்டாவாவுக்கு லீஃப்ஸ் ஆட்டம் பார்க்கப் போனேன்.

அரங்கு நகரத்துக்குள் இல்லை, மேற்கே கனாட்டாவில், நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்கிறது. கார் நிறுத்துகிற இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நான் எந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்று. எங்கே பார்த்தாலும் நீலம். ரொறன்ரோவில் ரிக்கெற் விலை எக்கச்சக்கம் என்பதால் நாலரை மணித்தியாலம் கார் ஓடி வந்தவர்கள் கொஞ்சப் பேர், ஆனால் நிறையப் பேர் உள்ளூர்க்காரர்தான். என் பக்கத்துக் கதிரைகளில் ஒரு தகப்பனும் மகளும், அவளுக்குப் பத்து வயதிருக்கும். மகள் செனற்றர்ஸ் சட்டை, தகப்பன் லீஃப்ஸ். லீஃப்ஸ் முதல் கோல் போட்டதும் கூரை அதிர்கிற சத்தம், தகப்பன் துள்ளி எழும்பிவிட்டார். மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்த மனிதர் அப்படியே இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒட்டாவா ஒன்று திருப்பி அடித்தது. இந்த முறை அவள் கத்தினாள், அவர் தொப்பியைக் கழற்றி அதற்குள் என்னவோ தேடினார்.

அந்தத் தகப்பனைக் குறை சொல்லக் கூடாது. ஒட்டாவாவில் முன்பு ஒரு செனற்றர்ஸ் இருந்தது, 1883இல் தொடங்கிய அணி, ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தைப் பலமுறை தூக்கிய அணி. 1934இல் காசு முட்டுப்பட்டு செயின்ற் லூயிஸ் நகரத்துக்குப் போய்விட்டது. இப்போது இருக்கிற அணி வந்தது 1992இல். இடையில் 58 வருடம். அத்தனை வருடமும் ஒட்டாவாக்காரர் ஹொக்கி பார்க்காமல் இருந்தார்களா? ஆங்கிலம் பேசுகிற வீட்டில் சனிக்கிழமை இரவு வானொலியில் வர்ணனையாளர் ஃபொஸ்ரர் ஹூவிற்றின் குரல், லீஃப்ஸ் ஆட்டம். பிரெஞ்சு வீட்டில், அதிலும் ஆற்றுக்கு அக்கரையில் கியூபெக்கில், மொன்றியல். 1952இல் ஹொக்கி ரி.வி.க்கு வந்தபோதும் இதே கதைதான், பிரெஞ்சில் முதலில் காட்டியது மொன்றியல் ஆட்டத்தை, மூன்று கிழமை கழித்து ஆங்கிலத்தில் ரொறன்ரோ ஆட்டம். எந்த மொழியில் வீட்டுக்குள் சத்தம் வந்ததோ அந்த அணி. இரண்டு தலைமுறை அப்படி ஊறிப்போனபின் ஒருவன் வந்து இதோ உங்கள் சொந்த அணி என்று கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பழையதைத்தானே பார்ப்பார்கள்?

அந்தப் புது அணியின் முதல் ஆட்டம் 1992 ஒக்ரோபர் 8, எதிரே மொன்றியல். ஒட்டாவா 5-3 என்று வென்றுவிட்டது! ஊரே கொண்டாடியது. அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் 70 ஆட்டம் தோற்றார்கள், வென்றது மொத்தம் 10. அன்றைக்கு அவர்களிடம் தோற்ற மொன்றியல்தான் அந்தப் பருவத்தின் கிண்ணத்தை எடுத்தது. இப்படி இருந்தால் எந்தத் தகப்பன் கட்சி மாறுவான்?

மாறவைத்தது வெற்றியும் இல்லை, எரிச்சல்தான் என்பது என் கணக்கு. 2000, 2001, 2002, 2004 என்று நாலு முறை பிளேஓஃபில், அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கிற சுற்றுகளில், லீஃப்ஸைச் சந்தித்து நாலு முறையும் தோற்றது ஒட்டாவா. அதில் இரண்டு கடைசி ஏழாவது ஆட்டம் வரை போனவை. பிறகு 2025இல் மறுபடி சந்தித்தார்கள், மறுபடியும் லீஃப்ஸ். அந்த நாலு தோல்விக்குள் வளர்ந்த பிள்ளைகள்தான் உண்மையான செனற்றர்ஸ் ரசிகர்கள். அவர்களுக்கு லீஃப்ஸ் என்றால் பல்லைக் கடிப்பார்கள். இந்தப் பக்கமும் குறைவில்லை. 2004 ஜனவரியில் லீஃப்ஸ் தலைவர் மற்ஸ் சுண்டின், உடைந்த தடியைக் கூட்டத்துக்குள் எறிந்ததற்காக ஓர் ஆட்டம் தடை வாங்கினார். அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் ஒட்டாவாத் தலைவர் டானியல் அல்ஃப்ரெட்சனின் தடி உடைந்தது. மனிதர் அதைக் கூட்டத்துக்குள் எறியப்போகிற மாதிரிக் கையை ஓங்கிவிட்டுக் கீழே போட்டார். ரொறன்ரோவில் வைத்து! அவர் பக்கை, அதாவது அந்த ரப்பர் தட்டை, தொட்டாலே ஊளையிடும் கூட்டத்துக்கு இது போதாதா? பகிடி என்னவென்றால் இரண்டு பேரும் சுவீடன்காரர், 2006 ஒலிம்பிக்கில் ஒன்றாக நின்று தங்கம் வாங்கியவர்கள். சண்டை எங்களுக்குத்தான்.

சரி, எல்லைப் பக்கம் போவோம். வின்ட்சரில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிற்றோயிற். ரொறன்ரோ மூன்றரை நாலு மணித்தியாலம், டிற்றோயிற் பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும். அங்கே பாதிப் பேர் டிற்றோயிற்றின் ரெட் விங்ஸ் பக்கம் என்றால் ஆச்சரியம் இல்லை. டிற்றோயிற் அணி தன் முதல் பருவத்தை, 1926-27இல், வின்ட்சரில்தான் ஆடியது. அவர்களுடைய அரங்கு அப்போது கட்டி முடியவில்லை. அமெரிக்க அணி பிறந்தது கனடாவில் என்று வின்ட்சர்க்காரர் சொன்னால் மறுக்க முடியாது.

நயாகராப் பக்கம் பஃபலோ சேபர்ஸ், 1970இல் வந்த அணி. அங்கே நிலைமை ஒட்டாவா மாதிரித்தான், லீஃப்ஸ் ஆட்டம் என்றால் பாலம் கடந்து நீலச் சட்டை நிரம்பிவிடும். காலையில் நாம் கோப்பி வாங்குகிற கடைக்குப் பெயர் கொடுத்த ரிம் ஹோட்டன் இந்த இரண்டு ஊருக்கும் சொந்தக்காரர். லீஃப்ஸுக்காக நாலு கிண்ணம் வென்றவர், கடைசியில் பஃபலோவுக்கு ஆடினார். 1974 பெப்ரவரியில் ரொறன்ரோவில் தன் பழைய அணியோடு ஆடி முடித்து, இரவோடு இரவாகக் காரில் பஃபலோ திரும்பும்போது செயின்ற் கதரின்ஸில் விபத்தில் இறந்துபோனார்.

நடுவில் இருக்கிற ஹமில்ற்றனுக்கு என்.எச்.எல். அணியே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1925இல் வீரர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு பிளேஓஃப் ஆட மறுத்தார்கள், அத்தோடு அணி போயிற்று.

வடக்கே போனால் ரிமின்ஸ், சட்பரிப் பக்கம் வேறு கதை. அந்தக் காலத்தில் அணிகள் முறைவைத்து இளம் வீரரைத் தெரிவுசெய்கிற முறை வரவில்லை, பெரிய அணிகள் இளையோர் அணிகளுக்குக் காசு கட்டிப் பையன்களைச் சின்ன வயதிலேயே பிடித்துவைத்தன. ரிமின்ஸில் பிறந்த ஃபிராங்க் மஹோவ்லிச்சை லீஃப்ஸ் அப்படித்தான் பிடித்து, ரொறன்ரோவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. பிறகு அவர் ரொறன்ரோ, டிற்றோயிற், மொன்றியல் மூன்றுக்கும் ஆடினார். ஊர்க்காரர் பாடு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இனி எங்கள் கதை. 1986 ஓகஸ்ற்றில் நியூஃபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். அந்த வருடங்களில் வந்த எவருக்கும் ஹொக்கி தெரியாது, தெரிந்தது கிரிக்கெற்றும் உதைபந்தாட்டமும். சொந்தக்காரர் எந்த நகரத்தில் அறை எடுத்திருந்தாரோ, அந்த நகரம் பிள்ளைகளுக்கு அணியைத் தீர்மானித்தது. என் தம்பி மொன்றியல், நான் ரொறன்ரோ. 1993 மே மாதம் லீஃப்ஸ் ஒரே ஓர் ஆட்டம் வென்றால் இறுதிப் போட்டி, எதிரே மொன்றியல் காத்திருக்கிறது. வேலைத்தலத்தில் ஒருவர் எனக்குச் சட்டை கொடுத்திருந்தார், ஒன்றும் விளங்காவிட்டாலும் போட்டுக்கொண்டு இருந்தேன். அந்த ஏழாவது ஆட்டத்தில் கிரெற்ஸ்கி மூன்று கோல் போட்டு, தன் லொஸ் ஏஞ்சலிஸ் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோய்விட்டார். தூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு போகிற காலம். தம்பி அந்தக் காசையும் செலவழித்து எடுத்துச் சிரித்துவிட்டு வைத்தான். அடுத்த மாதம் அவனுடைய அணி கிண்ணம் எடுத்தது. வந்து சில வருடத்தில் அவன் கிண்ணத்தைக் கண்டுவிட்டான், நான் இன்னும் காணவில்லை. எங்கள் அணி கடைசியாக வென்றது 1967இல்.

நேற்று மருமகனைக் கார்ல்ற்றன் வீதியில் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்குக் கூட்டிப்போனேன். சீ, எனக்கு அவன் மகன் முறை, அவனுடைய அப்பாவுக்குத் தெரிந்தால் கொல்லுவான். 1931 முதல் 1999 வரை லீஃப்ஸ் ஆடிய இடம், இப்போது கீழே பலசரக்குக் கடை. தட்டுகளுக்கு நடுவில் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது, மைதானத்தின் நடுப்புள்ளி அது. பையன் கனேடியன்ஸ் சட்டையோடு அதன்மேல் ஏறி நின்று, பெரியப்பா, படம் எடுங்கோ என்றான். தள்ளுவண்டியோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார், சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "அறுபத்தேழில் உங்களை இங்கே வைத்துத்தான் அடித்தோம்" என்றார்.

பையன் அசையவில்லை. "அதுக்குப் பிறகு?" என்றான்.

கிழவர் வாழைப்பழப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.