பேசக் கூடாத சீட்டாட்டம்

[திரையில்: நாலு மேசை, மேசைக்கு நாலு பேர், ஒரு சீட்டுக்கட்டு]

"ஜப்பானில் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்கணும்." இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, வெளிநாட்டில் தொழில் தொடங்கப் பழக்கியாயிற்று என்று நினைக்கிறோம். பட்டியலில் இல்லாத நாட்டில் அந்த மாணவர் என்ன செய்வார்? பண்பாட்டு நுண்ணறிவில், அதாவது வேறு பண்பாட்டுக்காரர்களோடு ஒத்துப்போகும் திறனில், நாலு பங்கு உண்டு: தெரிந்திருப்பது, பழக விரும்புவது, நடத்தையை மாற்றுவது, தன் கணிப்பையே சோதித்துத் திருத்துவது. பட்டியல் முதல் பங்கோடு நின்றுவிடும். கடைசிப் பங்கைப் பழக்க, வகுப்பில் 'பார்ங்கா' என்ற சீட்டாட்டம் விளையாடுங்கள். சிவசைலம் தியாகராஜன் என்ற நம்மூர்க்காரர் 1980-இல் லைபீரியாவில் உருவாக்கியது.

[திரையில்: ஆஸ் முதல் 7 வரை]

மேசைக்கு 28 சீட்டு, தலைக்கு 7. முதலில் இறக்கிய இனத்திலேயே போடணும். பெரிய சீட்டுக்குப் பிடி, அதாவது இறங்கிய நாலு சீட்டும் அவருக்கு. சூட்சுமம் மேசைக்கு ஒன்றாகக் கொடுக்கும் விதித்தாளில் இருக்கிறது. ஒரு மேசையில் ஆஸ் பெரிது, இன்னொன்றில் சிறிது. ஒன்றில் இஸ்பேட் துருப்பு, ஒன்றில் டைமன், ஒன்றில் துருப்பே கிடையாது. தாள்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும்.

5 நிமிடம் பழகியதும் தாளை வாங்கிவிடுங்கள். அதன் பிறகு பேச்சும் எழுத்தும் தடை. சைகை மட்டும் சரி. சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் மேல் மேசைக்கு, தோற்றவர் கீழ் மேசைக்கு.

இரண்டாம் சுற்றில் ஒரே பிடிக்கு இரண்டு கை நீளும். சிலர் முறைப்பார்கள், சிலர் விட்டுக்கொடுப்பார்கள். 'இவன் ஏமாற்றுகிறான்' என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும்.

[திரையில்: வட்டமாக உட்கார்ந்த வகுப்பு]

சிரித்துவிட்டுக் கலைந்தால் வெறும் சீட்டாட்டம்தான். ஆட்டம் 20 நிமிடம் என்றால் பேச்சுக்கு 30 ஒதுக்குங்கள். "பண்பாடு பற்றி என்ன கற்றீர்கள்?" என்று கேட்டால் மேடைப்பேச்சுதான் வரும். "அவர் ஏமாற்றுகிறார் என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்?" என்று கேளுங்கள். விதி வேறு என்று ஊகித்தவர்களும் இருப்பார்கள். ஊகித்தும் ஏன் சண்டை தீரவில்லை என்று அவர்களைத் தனியாகத் துருவுங்கள். பாடத்தின் சாரம் அங்கேதான்.

பிறகு வியாபாரத்துக்கு வாருங்கள். "30 நாள் கடன்" என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறார்கள். இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, சரக்கு வந்த நாளிலிருந்தா, மாதக் கடைசியிலிருந்தா? ஒவ்வொரு குழுவும் தன் ஒப்பந்த வரைவில் இப்படி மறைந்திருக்கும் மூன்று விதிகளைத் தேடி, வாங்குபவருக்கு அனுப்பும் கேள்விகளாக எழுதட்டும்.